செயின் காயட்டும்

ரொட்டிக்காரர் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டபோது, மகள் வீட்டை விட்டுப் போய்விட்ட செய்தி அவர் மனைவிக்கு இன்னும் தெரியாது. அவள் உள்ளறையில் தையல் மெஷின்மேல் குனிந்து பள்ளிக்கூடப் பைகளுக்கு வார் வைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடுகிறபோது அவளுக்குக் காது பாதிதான் கேட்கும், கண்ணும் துணியை விட்டு எழும்பாது. இடி விழுந்தால்கூட நூல் அறுந்ததா என்றுதான் அம்மா முதலில் பார்ப்பாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

லாரி, பஸ், டேங்கர் எல்லாம் வேலைநிறுத்தம். ஊர் கைகால் விளங்காத மாதிரிக் கிடந்தது. பேக்கரிக்கு மாவு வரவில்லை. மாவு இல்லையென்றால் ரொட்டி இல்லை. ரொட்டி இல்லையென்றால் விடிகாலையில் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிற ரொட்டிக்காரருக்கு வேலையும் இல்லை. பெட்ரோல் பங்க் வாசலில் கயிறு கட்டிவிட்டார்கள். கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்த மூத்த மகனின் மோட்டார் சைக்கிள், டேங்க் வற்றிச் சுவரோரம் சாய்ந்து நின்றது. நேற்றுவரை 'அந்தத் தகர டப்பாவைத் தூக்கிப் போடுங்கப்பா' என்று அவன் சொல்லிக்கொண்டிருந்த அப்பாவின் சைக்கிளுக்கு இந்த வாரம்தான் மரியாதை வந்திருந்தது.

வேலை இல்லாத மனுஷன் சைக்கிளைத் துடைக்கட்டும், நல்லதுதானே என்று அவள் விட்டுவிட்டாள். செயினைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. "ஏம்மா, பழைய துணி ஏதாவது கிடக்கா?" என்று குரல் வந்தது. மெஷினிலிருந்து எழுந்திருக்காமலே வெட்டுத்துணி மூட்டையைக் காலால் வாசற்பக்கம் தள்ளினாள்.

செய்தி மாடிப்படி வழியாகத்தான் வந்தது. மாடிவீட்டுக்காரி எதைச் சொல்வதானாலும் படியில் பாதி இறங்கி நின்றுகொண்டுதான் சொல்வாள். முழுசாக இறங்கிவிட்டால் சொன்னதற்குப் பொறுப்பேற்க வேண்டிவரும் என்று பயமோ என்னவோ.

"அக்கா, உங்க குருவி இன்னிக்குக் கடைக்குப் போகலையா?"

சின்ன வயதில் ஓரிடத்தில் நில்லாமல் தத்திக்கொண்டே இருந்ததால் மகளுக்கு அந்தப் பெயர். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற, இருபத்தாறு வயதுப் பெண்.

"பஸ் இல்லையே, நடந்து போகணும்னு வெள்ளனக் கிளம்பிட்டா. ஏன்?"

"இல்ல... பாலத்துப் பக்கம் போனதை எங்க வீட்டுக்காரரு பாத்தாராம். கடை இந்தப் பக்கமில்ல இருக்கு? கூட அந்தத் தச்சனும், அவன் தங்கச்சியும். எனக்கென்னக்கா, பாத்ததைச் சொன்னேன்."

மெஷின் நின்றது. ஊசி வாரில் பாதி இறங்கி அப்படியே நின்றது.

அவள் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் மூத்தவன் தெருமுனையிலிருந்து ஓடி வந்துவிட்டான். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவனுக்கு, தச்சன் பட்டறையில் வேலை செய்கிற வார்னிஷ்காரன் போன் போட்டிருந்தான்.

"அம்மா, அவ போயிட்டாம்மா. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணமாம். ஒரு மாசத்துக்கு முன்னாடியே நோட்டீஸ் எழுதிக் குடுத்து வெச்சிருக்காங்க. ஆபீசர் மதியம் சாப்பாட்டுக்கு எழுந்திரிக்கிறதுக்குள்ள முடிச்சிடணும்னு போயிருக்காங்க. இந்த வார்னிஷ் பயலைச் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டானாம். இவன் பயந்துக்கிட்டு எனக்குச் சொல்றான்." மூச்சு வாங்கியது அவனுக்கு. "என் தட்டுல சாப்பிட்டவன்மா அவன். இந்த வீட்ல, நீ போட்ட சோத்தை!"

அது உண்மைதான். தச்சன் அவனுக்குப் பதினைந்து வருஷத்துச் சிநேகிதன். இந்த வீட்டுச் சமையலறை அலமாரி அவன் அடித்துக் கொடுத்தது. அவன் பெண்டாட்டி கைக்குழந்தையை விட்டுவிட்டு வேறு வாழ்க்கை தேடிப் போனபோது, அவனை இங்கே கூட்டி வந்து உட்காரவைத்துச் சோறு போட்டவள் இந்தத் தாய்தான். பாவம், பாவம் என்று போட்டாள். அந்தப் பாவம் தன் மகள் தலையில் ஏறி உட்காரும் என்று நினைத்தாளா? ஒருநாள் ஜாடைமாடையாகப் பேச்சு வந்தபோது, "இன்னொருத்தி பெத்ததைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கறதுக்கா நான் பெண்ணை வளத்தேன்?" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சே வீட்டில் இல்லை. பேச்சு இல்லை என்றால் விஷயமும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

"சைக்கிளை எடுங்கப்பா" என்று திரும்பிய மகன் அப்படியே நின்றுவிட்டான்.

சைக்கிள் சீட்டிலும் ஹேண்டில்பாரிலுமாகத் தலைகீழாக நின்றது. செயின் கவர் ஒரு பக்கம் கிடந்தது. ரொட்டிக்காரர் ஒரு பழைய ரொட்டித் தட்டில் மண்ணெண்ணெயை ஊற்றி, அதில் செயினைப் பாம்பு மாதிரிச் சுருட்டிப் போட்டிருந்தார். பக்கத்தில் தேய்ந்துபோன பல்துலக்கும் பிரஷ், குறடு, ஸ்பேனர், எண்ணெய்க் குப்பி.

"என்னப்பா பண்றீங்க?"

"செயின் ரொம்ப அழுக்காயிருந்துச்சு."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தானே லீவு."

"மாட்டுங்கப்பா! அழுக்கோட மாட்டுங்க. பொண்ணு போயிட்டான்னு சொல்றேன், காதுல விழலையா?"

"விழுந்துச்சு" என்றார் ரொட்டிக்காரர். முகம் வெளுத்திருந்தது, கை மட்டும் நிற்கவில்லை. "இதோ ஆச்சு. ஊறிட்டதைத் துடைக்காம மாட்டினா பல்லுல நிக்காது, வழுக்கும். நடுப் பாலத்துல கழண்டா என்ன பண்ணுவே? இதோ, ஒரு பத்து நிமிஷம்."

நடந்து போனால் மதியம் தாண்டிவிடும். ஆறு கடந்து, மார்க்கெட் தாண்டி, அந்தப் பக்கம் ஊர்க்கோடியில் இருந்தது ஆபீஸ். பத்து நிமிஷம் என்றால் காத்திருக்கலாம் என்று மகன் காத்திருந்தான்.

ரொட்டிக்காரர் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தார். தட்டோரத்தில் செயினை நீட்டி வைத்து, பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, மேல்பக்கம், கீழ்ப்பக்கம், உருளைக்கு இந்தப்புறம், அந்தப்புறம். கறுப்புக் கூழ் வழிந்து தட்டில் இறங்கியது. ஒரு சாண் முடிந்ததும் துணியால் உருவித் துடைத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். கண்ணியை மடக்கிப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். ஒரு கண்ணி சரியாக மடங்கவில்லை போலிருக்கிறது. அதை விரலால் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

தையல்காரிக்கு ஓரிடத்தில் இருப்பு கொள்ளவில்லை. உள்ளே போனாள். மகளின் போனுக்கு அடித்தாள். அணைத்து வைத்திருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. பீரோவைத் திறந்தாள். துணிமணி அடுக்கு குலையாமல் இருந்தது. நாலு உருப்படிதான் குறைந்திருந்தது. அதுவும் நல்லதை எல்லாம் வைத்துவிட்டுச் சாதாரணத்தை எடுத்துப் போயிருந்தாள். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். எதற்கு வைத்தோம் என்று மறந்து, அது வற்றுகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெஷினுக்குப் போய், வாரில் குத்தி நின்ற ஊசியை மேலே ஏற்றினாள்.

காலையில் இந்த மெஷினில்தான் இருந்தாள். 'போயிட்டு வரேம்மா' என்று குரல் கேட்டது. 'ம்' என்றாள். தலையைத் தூக்கவில்லை. குரல் கேட்ட பிறகும் வாசற்படியில் கொஞ்ச நேரம் நிழல் நின்றது போலிருந்தது. என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள், தலையைப் பின்னியிருந்தாளா, முடிந்திருந்தாளா, எதுவும் தெரியவில்லை. எவ்வளவு நினைத்துப் பார்த்தும் பையின் வார்தான் கண்ணுக்கு வந்தது.

வெளியே மகன் குதித்துக்கொண்டிருந்தான். "பத்து நிமிஷம்னீங்க!"

"ஆச்சு, ஆச்சு. பின்சக்கர ஃப்ரீவீல் பல்லுல ஒரு விரக்கடை அழுக்கு அடைஞ்சிருக்கு. அதுல இதை மாட்டினா கழுவினதும் கழுவாததும் ஒண்ணுதான்." ஒரு கம்பியை வளைத்து ஃப்ரீவீலின் பல்லுக்குப் பல் குடைய ஆரம்பித்தார்.

"நான் வேற சைக்கிள் பாத்துட்டு வரேன்" என்று மகன் தெருவில் பாய்ந்தான்.

அவன் போனதும் அவள் வாசலுக்கு வந்தாள். கணவனைத் திட்ட வேண்டும் போலிருந்தது. யாரையாவது திட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். வாயைத் திறந்தவள், அவர் கையைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

செயின் பளபளவென்று இருந்தது. புதுசாக வாங்கியது போல, கண்ணிக்குக் கண்ணி வெயில் பட்டு மின்னியது. ரொட்டிக்காரர் அதை ஒருமுறை தூக்கிப் பார்த்தார். தெருமுனையைப் பார்த்தார். பிறகு அதைத் திரும்பவும் அந்த அழுக்கு மண்ணெண்ணெயிலேயே போட்டார்.

முப்பது வருஷமாக அவர் செயின் துடைப்பதைப் பார்த்திருக்கிறாள். ரொட்டி விற்றுவிட்டு வந்து, சோறு வேகிற நேரத்தில் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டுக் கைகழுவி உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

அவர் நிமிரவில்லை. "மண்ணெண்ணெய் இன்னும் கொஞ்சம் இருக்கா? இது கெட்டியாயிடுச்சு."

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்!"

"மெதுவாப் பேசு. மாடியில காது இருக்கு."

"எப்பத்திலேர்ந்து?"

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். அழுக்கு போகவில்லை, துணிதான் கறுத்தது. "அந்தப் புள்ளை தினமும் வாசல்ல நிக்கும், ரொட்டி வாங்க. தச்சனோட பொண்ணு. அவங்க தெரு எனக்குக் கடைசித் தெரு. மூணு வருஷமா அந்த வீட்டை விடியறப்போ பாத்துட்டிருக்கேன். நீ சாயங்காலம் போய்ப் பாத்தா எல்லா வீடும் ஒரே மாதிரிதான் இருக்கும். பெருக்கி வெச்சிருப்பாங்க, சிரிச்சுப் பேசுவாங்க. விடிகாலைல வேஷம் போட முடியாது. எவன் பொண்டாட்டியை அடிச்சிருக்கான், எந்த வீட்ல ராத்திரி சாப்பிடல, எவன் குடிச்சுட்டு வாசல்ல கிடக்கான், ரொட்டிக்காரனுக்குத் தெரியும். அவன் அந்தப் புள்ளையை மடியில வெச்சுத் தலைவாரிட்டு இருப்பான். ரெட்டைப் பின்னல். ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. புள்ளை திட்டும், 'அப்பா கோணல்'னு. அவன் அவிழ்த்துட்டு மறுபடி பின்னுவான். ஒருநாள்கூட அந்தப் புள்ளைகிட்ட அவன் குரல் ஒசந்து நான் கேட்டதில்ல."

"பின்னல் போடறவனுக்கெல்லாம் பொண்ணைக் குடுத்துடலாமா?"

"உன் பொண்ணை நான் எங்கம்மா குடுத்தேன்? அவ கேட்டா. 'அப்பா, நான் என்ன செய்யட்டும்'னு பாலத்துமேல சைக்கிளை நிறுத்திக் கேட்டா. 'உனக்கு என்ன தோணுது'ன்னேன். தோணினதைச் சொன்னா. நான் வேண்டாம்னு சொல்லல. அவ்வளவுதான்."

"என்கிட்டச் சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்." அவள் குரல் உடைந்தது. "கட்டிப் புரண்டிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். சோறு தண்ணி இல்லாமக் கிடந்திருப்பேன். ஆனா காலைல அவ போறப்போ தலையைத் தூக்கிப் பாத்திருப்பேங்க. நான் 'ம்'னு சொன்னேன். மாட்டுக்குச் சொல்ற மாதிரி 'ம்'னு சொன்னேன்."

செயினைத் தட்டிலிருந்து எடுத்தார். அதிலிருந்து எண்ணெய் சொட்டிற்று.

"நீங்க மட்டும் ஏன் போகல? நீங்கதான் எல்லாத்துக்கும் உடந்தையாச்சே, போய்ப் பக்கத்துல நிக்க வேண்டியதுதானே?"

"வரச்சொல்லித்தான் அழுதா. நான் இங்க இருந்தாத்தான் அங்க நடக்கும்னேன்." தெருமுனையைத் திரும்பவும் பார்த்தார். "பெரியவன் கையை உனக்குத் தெரியுமில்ல. கிடங்குல ஒருத்தனை அடிச்சுப் பல்லு போச்சே. அவன் போய் அங்க என்ன செய்வான்னு நினைக்கிறே? புத்தி சொல்லிக் கூட்டிட்டு வருவானா?"

மகன் திரும்பி வந்தான். சைக்கிள் இல்லை. முகமெல்லாம் வியர்வை, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "ஊர்ல ஒரு சைக்கிள் இல்லம்மா. காயலான் கடைக்குப் போடறதுக்கு வெச்சிருந்ததெல்லாம்கூட இன்னிக்கு ரோட்ல ஓடுது. ஒரு கிழவர் இருக்குன்னாரு, போய்ப் பாத்தா முன்சக்கரம் மட்டும் இருக்கு." அப்பாவைப் பார்த்தான். அவர் செயினைத் துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா அது?"

"செயின் காயட்டும். ஈரத்தோட எண்ணெய் விட்டா பிடிக்காது."

"நடந்திருந்தாக்கூட இந்நேரம் பாதி வழி போயிருப்பேன்!" மகன் அலறினான். மாடிப்படியில் மாடிவீட்டுக்காரி இரண்டு படி மேலே ஏறிக்கொண்டாள். "இதோ ஆச்சு, இதோ ஆச்சுன்னு... வேணும்னே பண்றீங்களா? உங்களுக்கு ரோஷம் இருக்கா இல்லையா? தள்ளுங்க, நான் மாட்டிக்கறேன்."

செயினைக் கொடியிலிருந்து உருவினான். கொடி அதிர்ந்து, அதில் கிடந்த துண்டு கீழே விழுந்தது. ரொட்டிக்காரர் தடுக்கவில்லை, தடுத்தால் சந்தேகம் உறுதியாகிவிடும். மெல்ல ஒதுங்கி நின்றார். மகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செயினை ஃப்ரீவீல்மேல் போட்டு, முன்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் சுற்றி, இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்தான். அவற்றைச் சேர்க்கும் முன் தரையில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்தான். சக்கரத்தைத் தளர்த்தத்தான் எடுக்கிறான் என்று தாய் நினைத்தாள். அவன் அதைச் சட்டைக்கடியில், முதுகுப்பக்கம், இடுப்பில் செருகிக்கொண்டான்.

அந்த ஸ்பேனர் என்ன கனம் என்று அவளுக்குத் தெரியும். மெஷின் மிதி சிக்கிக்கொண்டால் அதைக் கொண்டுதான் தட்டுவாள்.

"டேய், அதை எதுக்குடா?"

"எதை?"

"இடுப்புல."

"வழியில நட்டு லூசாச்சுன்னா?" என்றான். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

செயினின் இரு முனைகளையும் சேர்க்க ஒரு லாக் உண்டு. அதை மாட்டித் தகட்டை வைத்து, மேலே மீன் குஞ்சு மாதிரி நகத்தளவு ஒரு கிளிப்பைக் குறடால் அழுத்தித் தள்ள வேண்டும். பொறுமையான வேலை. பொறுமையில்லாதவன் கையில் அந்தக் கிளிப் இருக்குமா? மகன் குறடை அழுத்திய வேகத்தில் அது 'டிங்' என்று தெறித்தது.

"போச்சு!"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அது எங்கே விழுந்தது என்று தையல்காரி ஒருத்திதான் பார்த்தாள். சுவரில் பட்டு, திரும்பி உருண்டு, அவள் நின்ற இடத்துக்கு அரையடி தள்ளி மண்ணில் கிடந்தது. முழுநாளும் ஊசிமுனையைப் பார்க்கிற கண் அது, தப்பாது.

எடுத்துக் கொடுக்கத்தான் முதலில் குனியப்போனாள். சத்தியமாக அப்படித்தான். கல்யாணம் நிற்க வேண்டும் என்று அப்போதும் அவள் மனதில் பாதி துடித்துக்கொண்டிருந்தது. ஆனால் குத்துக்காலிட்ட மகனின் முதுகில், சட்டைக்கடியில், ஸ்பேனரின் தலை புடைத்துத் தெரிந்தது. மகள் போனாள், போன இடத்தில் உயிரோடு இருக்கிறாள். இவனும் போனால்? அவள் ஓரடி எடுத்து வைத்து, கிளிப்மேல் காலை ஊன்றிக்கொண்டாள்.

"இங்கதான் விழுந்துச்சு, கண்ணு முன்னாடி" என்று மகன் மண்ணைக் கையால் துழாவினான்.

ரொட்டிக்காரர் நிமிர்ந்தார். மனைவியின் காலைப் பார்த்தார். ஒரு கணம்தான். உடனே சுவரோரம் போய் மண்டியிட்டு, வாளியை நகர்த்தி, பூந்தொட்டியை நகர்த்தி, மும்முரமாகத் தேட ஆரம்பித்தார். "இந்தப் பக்கம்தான்டா தெறிச்சுது. எனக்குச் சத்தம் கேட்டுச்சு."

அந்த மனுஷன் மண்டியிட்டுத் தேடுகிற அழகைப் பார்த்து அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. எவ்வளவு நன்றாக நடிக்கிறார்! இத்தனை நாளும் இப்படித்தானே வீட்டில் நடமாடியிருப்பார்.

"வேற கிளிப் இல்லையாப்பா?"

"பெட்டியில ஒண்ணு இருந்துச்சு. போன மாசம் பால்காரருக்குக் குடுத்துட்டேன்."

மாடிவீட்டுக்காரி படியிலிருந்தே உதவினாள். "காக்கா கொத்திட்டுப் போயிருக்கும் தம்பி. மினுக்குன்னு இருந்தா அது விடாது. அக்கா, நீங்க கொஞ்சம் நகருங்களேன், உங்க காலடியில பாக்கட்டும்."

"நீ மேல போய் உன் அடுப்பைப் பாரு" என்றாள் தையல்காரி. "எனக்குக் கால் மரத்துப் போச்சு. நகர முடியல."

கிளிப்பின் முனை உள்ளங்காலில் குத்தியது. வெயில் ஏறியது. மகன் தேடினான், கெட்ட வார்த்தை சொன்னான், கம்பியை முறுக்கிக் கட்டிப் பார்த்தான். பெடலை ஒரு சுற்றுச் சுற்றியதும் கம்பி பிய்த்துக்கொண்டது. சணலைக் கட்டினான். அதுவும் அறுந்தது. நடக்கப்போகிறேன் என்று தெருவில் இறங்கினான். நாலடி போய் வெயிலைப் பார்த்துத் திரும்பி வந்தான். திரும்பத் தேடினான். அவள் காலை எடுக்கவேயில்லை.

போன் அடித்தது. மகன் எடுத்தான். வார்னிஷ்காரன்தான், குரல் வெளியே கேட்கிற அளவுக்குக் கத்தினான். "அண்ணே, முடிஞ்சிடுச்சாம். கையெழுத்துப் போட்டாச்சு. பட்டறைக்கு மிட்டாய் வந்திருக்கு. நான் திங்கலண்ணே, சத்தியமா."

மகன் போனைக் காதிலிருந்து இறக்கினான். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். பிறகு தோள் குலுங்கியது. இவ்வளவு பெரிய ஆண்பிள்ளை, மூட்டைக்காரர்களை மேய்க்கிறவன், எண்ணெய் படிந்த கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"பொண்டாட்டி விட்டுட்டுப் போனப்போ, அவன் எங்க தூக்குல தொங்கிடுவானோன்னு ஒரு வாரம் அவன் பக்கத்துலயே படுத்திருந்தேம்மா. எல்லாத்தையும் என்கிட்டச் சொல்லுவான். பல்வலின்னாக்கூட முதல்ல எனக்குத்தான் போன் போடுவான். இதை மட்டும் சொல்லலையே. நேர்ல வந்து, 'டேய், உன் தங்கச்சியை எனக்குப் புடிச்சிருக்கு'ன்னு சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்றார் ரொட்டிக்காரர்.

"அடிச்சிருப்பேன்" என்றான் விசும்பலோடு. "அப்பறம் யோசிச்சிருப்பேன்."

தையல்காரி அவன் பின்னால் போய்க் குனிந்தாள். சட்டையைத் தூக்கி, சின்னப் பிள்ளை டவுசர் பையிலிருந்து கோலிக்குண்டை எடுப்பது போல, ஸ்பேனரை உருவி எடுத்தாள். அவன் தடுக்கவில்லை. அவள் உள்ளங்காலில் சிவப்பாக ஒரு தடம் இருந்தது. நின்ற இடத்துக்குத் திரும்பி வந்து மண்ணிலிருந்து கிளிப்பைப் பொறுக்கி, முந்தானையில் துடைத்துக் கணவனிடம் நீட்டினாள்.

"மாட்டுங்க."

மகன் தலையைத் தூக்கினான். கிளிப்பைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். "ரெண்டு பேருமா?"

"நான் உங்கப்பாவோட கூட்டு இல்ல" என்றாள் அவள். "என் கணக்கு வேற."

ரொட்டிக்காரர் மாட்டினார். இப்போது கை வேகமாக ஓடியது. லாக்கைச் செருகித் தகட்டை வைத்து, கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்கும்படி வைத்து, குறடால் ஓர் அழுத்து. 'க்ளிக்'. பின்சக்கரத்தை இழுத்து நட்டை முறுக்கினார். உருளைக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டு, பெடலைக் கையால் சுற்றி, வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுத்தார். சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினார். வீட்டில் எல்லோருக்கும் பசி என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவள் உள்ளே போய் முகம் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ரொட்டிக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார். கேரியரைக்கூடத் துடைத்து வைத்திருந்தார்.

"நீங்க இருங்க" என்றாள்.

"நான் மிதிக்கிறேம்மா. தெரு எனக்குத்தானே தெரியும்."

"தெரியும்ல? மூணு வருஷமாத் தெரியுமில்ல? நீங்க பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு, ஆசீர்வாதமும் பண்ணியாச்சு. பாக்காதவங்க போய்ப் பாக்கட்டும். உலை வெச்சிருக்கேன், அரிசியைக் களைஞ்சு போடுங்க." மகனிடம் திரும்பினாள். "எழுந்திரு. என்னை வெச்சு மிதி."

"நான் வரமாட்டேன்."

"நீ உள்ள வர வேண்டாம். என்னைக் கொண்டுபோய் விடு. எனக்குச் சைக்கிள் விடத் தெரியாது, உனக்குத் தெரியும். அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மகன் எழுந்தான். அவர்கள் தெருமுனை திரும்புகிறபோது அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ரொட்டிக்காரர் கையில் கறுப்புத் துணியோடு வாசலிலேயே நின்றார். அழைத்து வந்திருக்கலாமோ என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியைப் பல்லைக் கடித்துக் கடந்துவிட்டாள்.

மகன் வெறி பிடித்தவன் மாதிரி மிதித்தான். சத்தமே இல்லாமல் ஓடியது சைக்கிள். பஸ் இல்லாத ரோட்டில் ஜனங்கள் நடுவழியில் நடந்துகொண்டிருந்தார்கள், மணியடித்துக்கொண்டே போனான். பாலம் தாண்டியதும் வேகம் குறைந்தது. தச்சன் தெருவுக்குள் நுழைந்தபோது நடந்து வந்திருந்தாலும் இதே நேரம்தான் ஆகியிருக்கும் என்கிற மாதிரி மிதித்தான். வீட்டுக்கு நாலு வீடு முன்னாலேயே இறங்கி, ஒரு மரத்தடியில் சைக்கிளைச் சாத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

கதவைத் திறந்தது மகள்தான். அம்மாவைப் பார்த்ததும் அவள் கை தானாகக் கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்தது. மாம்பழ மஞ்சளில் பழைய புடவை. தலையைப் பின்னித்தான் இருந்தாள். தாய் அவளை உச்சி முதல் கால்வரை, துணிக்கு அளவெடுக்கிற மாதிரி, அவசரமில்லாமல் பார்த்தாள்.

"அம்மா..."

"இரு. பாத்துக்கறேன்" என்றாள். "காலைல பாக்கல."

மகள் அழுதுவிட்டாள். இவள் அழவில்லை, வழியிலேயே முடிவு பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். மகளுக்குப் பின்னாலிருந்து நாலைந்து வயதுப் பெண் குழந்தை எட்டிப் பார்த்தது. இரட்டைப் பின்னல். ஒன்று மேலே, ஒன்று கீழே.

"ரொட்டித் தாத்தா வரலையா?"

"அவருக்கு இன்னிக்கு லீவு" என்றாள் தையல்காரி. "நான் அவர் வீட்டுக்காரி."

"ரொட்டி?"

"மாவு வரல. இங்க வா, திரும்பி நில்லு. யாரு பின்னினது இதை? கோணல்."

தச்சன் சமையலறை வாசலில் நின்றான், உள்ளே வருவதா வெளியே போவதா என்று தெரியாமல். அவள் அவனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. அவன் ஒரு சொம்பு தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே போவதை மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மரத்தடியில் மகன் திரும்பவில்லை. தச்சன் ஏதோ சொன்னான். சொம்பைச் சைக்கிள் கேரியர்மேல் வைத்துவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளி அவனும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி நின்றார்கள், பஸ் ஓடாத நாளில்.

அவள் குழந்தையின் பின்னலை அவிழ்த்து, வகிடெடுத்து, சமமாகப் பின்னினாள். மகளிடம் அதிகம் பேசவில்லை. உப்பு எங்கே வைத்திருக்கிறாய், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாள். கிளம்புகிறபோது, அப்பா எப்படி இருக்கிறார் என்று மகள் கேட்டாள். "நீ கேட்டேன்னு உங்கப்பன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து கேளு" என்றாள் தாய். மகள் தலையாட்டினாள்.

திரும்புகிறபோது வெயில் தணிந்திருந்தது. மகன் ஒன்றும் கேட்காமல் "ஏறு" என்றான். கேரியர் ஈரமாக இருந்தது. கையால் துடைத்துவிட்டு ஏறினாள். மார்க்கெட்டைத் தாண்டினார்கள்.

"தண்ணி குடிச்சியா?" என்றாள்.

"ம்."

"அவன் குடுத்ததையா?"

"தாகம் எடுத்துச்சு. தண்ணியில என்ன, அவன் வீடு இவன் வீடுன்னு?"

பாலத்து மேட்டில் சைக்கிள் திணறியது. அவன் எழுந்து நின்று மிதித்தான். அவள் கேரியரிலிருந்து குதித்து இறங்கி, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னாலிருந்து தள்ளினாள்.